கடும் உடற்பருமனுக்கான நுண்துளைச் சத்திரசிகிச்சை: திருகோணமலையில் இருந்து கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய், நிலாவெளிப் பகுதிகளிலும் வாழ்கின்ற, பல ஆண்டுகளாக நிறையைக் குறைக்க முயன்று களைத்துப்போனவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தினருக்காகவும் இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. இரைப்பையைச் சிறிதாக்கும் இந்தச் சிகிச்சைக்காகச் சத்திரசிகிச்சை கூடத்தில் செலவாகும் நேரம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்கள்தான். ஆனால் அதன் பலன் நிலைப்பதும் நிலைக்காமற் போவதும் அதற்குப் பின்வரும் ஆண்டுகளில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த ஆண்டுகளை நாம் வாழப்போவது, இந்தச் சத்திரசிகிச்சை செய்யப்படும் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளி, இங்கேதான். ஆகவே "எங்கே செய்வது" என்ற கேள்விக்குக் கொடுக்கும் அதே கவனத்தை "இங்கே யார் என்னைத் தொடர்ந்து பார்ப்பார்" என்ற கேள்விக்கும் கொடுக்க வேண்டும் என்பதே கீழுள்ள பதில்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுகிறது.

கடும் உடற்பருமன் என்று எதைச் சொல்கிறார்கள்?

கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்மணி 120 கிலோ இருந்தால் அவருடைய சுட்டி ஏறத்தாழ 47. உலக சுகாதார நிறுவனத்தின் பொது வகைப்பாட்டில் 30க்கு மேல் உடற்பருமன், 35க்கு மேல் இரண்டாம் நிலை, 40க்கு மேல் மூன்றாம் நிலை. ஆனால் தெற்காசியர்களாகிய எங்களுக்கு இந்த அளவுகோல் சற்றுத் தாராளமானது. எங்கள் உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் எளிதாகச் சேர்வதால், சுட்டி குறைவாக இருக்கும்போதே நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. இதனால்தான் ஆசிய மக்களுக்கு 23, 27.5, 32.5, 37.5 என்ற எண்களையும் கவனிக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்தது.

வாயைக் கட்டினால் போதாதா? இதற்கு ஏன் சத்திரசிகிச்சை?

இந்தக் கேள்வியை நோயாளியைவிட அவருடைய உறவினர்களே அதிகம் கேட்கிறார்கள். கேட்கும் விதமும் பல வேளைகளில் மனதைப் புண்படுத்துவதாக இருக்கிறது. உடல் தன் நிறையைத் தானே காத்துக்கொள்ளும் இயல்புடையது. ஒருவர் சாப்பாட்டைக் குறைத்து 10 கிலோ இறங்கியவுடன், இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹோர்மோன் கூடுகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஹோர்மோன்கள் குறைகின்றன, உடல் ஓய்வில் எரிக்கும் சக்தியும் குறைகிறது. அதாவது முன்பைவிடக் கூடுதலாகப் பசிக்கிறது, முன்பைவிடக் குறைவாகவே எரிகிறது. மிதமான பருமன் உள்ளவர் நடையாலும் உணவு மாற்றத்தாலும் இதைச் சமாளிக்கலாம். சுட்டி 40ஐத் தாண்டியவர்களில் மிகச் சிலரால்தான் அப்படிக் குறைத்த நிறையை ஐந்து ஆண்டுகளுக்குத் தக்கவைக்க முடிகிறது. இதைக் குணக்குறைவாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கும் குடும்பத்தில்தான் சிகிச்சையும் நன்றாக நடக்கிறது.

யாருக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது?

1991ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளியிட்ட இணக்க அறிக்கை, சுட்டி 40க்கு மேல் உள்ளவர்களுக்கும், 35க்கு மேல் இருந்து கூடவே நீரிழிவு, உயர் குருதியமுக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் போன்ற நோய்கள் உள்ளவர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே அளவுகோலாக இருந்தது. 2022இல் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைப் புதுப்பித்தன: சுட்டி 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30க்கும் 35க்கும் இடையில் இருந்து நீரிழிவு முதலியவை இருந்தால் பரிசீலிக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5 என்ற எல்லையிலிருந்தே இதைப் பற்றிப் பேசலாம். இலங்கையில் இடவசதியும் கருவிகளும் மட்டுப்பட்டவை என்பதால், நடைமுறையில் நோய் கடுமையாக உள்ளவர்களுக்கே முதலிடம் கிடைக்கும். அது நியாயமானதுதான்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

மதுவுக்கோ போதைக்கோ அடிமையாக இருந்து இன்னும் சிகிச்சை பெறாதவர்கள், கட்டுப்பாட்டுக்குள் வராத கடுமையான மனநோய் அல்லது உணவுண்ணல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மயக்கமருந்தைத் தாங்கமுடியாத நிலையில் இருதயமும் நுரையீரலும் உள்ளவர்கள் ஆகியோர். இவற்றுள் பல, சிகிச்சையால் மாறக்கூடியவை. இன்று பொருந்தாதவர் அடுத்த ஆண்டு பொருந்தலாம். தைரொயிட் குறைபாடு போன்ற ஹோர்மோன் நோய் நிறையைக் கூட்டுகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

"கமரா ஒப்பரேஷன்" என்பது எப்படிச் செய்யப்படுகிறது?

முழு மயக்கம் கொடுத்த பிறகு, வயிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரை உள்ளுறுப்புகளிலிருந்து மேலே தூக்குகிறார்கள். பிறகு பெரும்பாலும் ஐந்து சிறு துளைகள். ஒவ்வொன்றும் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை. ஒன்றினூடாக ஒளியும் கமராவும், மற்றவற்றினூடாக நீண்ட மெல்லிய கருவிகள். சத்திரசிகிச்சை நிபுணர் திரையைப் பார்த்தபடி வேலை செய்கிறார். இரைப்பையை வெட்டும் கருவி ஸ்டேப்ளர். அது வெட்டிய கோட்டின் இரு பக்கமும் பொதுவாக மூன்று வரிசைகளில் மிகச் சிறிய டைற்றேனியம் ஊசிகளை ஒரே அழுத்தத்தில் பதித்துவிடுகிறது. அந்த ஊசிகள் உடலில் நிரந்தரமாக இருக்கும், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அவை தடையாவதில்லை.

முன்பு இதே வேலையை மார்புக்குக் கீழிருந்து தொப்புள்வரை நீளும் வெட்டினால் செய்தார்கள். 1960களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இரைப்பையைச் சிறிதாக்கி உணவின் பாதையை மாற்றும் பைபாஸ் முறையைத் தொடங்கியபோது அதுதான் ஒரே வழி. தடித்த கொழுப்புப் படையின் ஊடாகச் செல்லும் நீண்ட வெட்டு எளிதில் ஆறாது, கிருமி தொற்றும், பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும். 1990களின் தொடக்கத்தில் விட்க்ரோவ், கிளார்க் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் பைபாஸை நுண்துளை முறையில் செய்துகாட்டிய பின்னரே இது பரவலாகச் செய்யக்கூடிய சிகிச்சையானது. வலி குறைவு, அன்றைக்கே எழுந்து நடக்கலாம், இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பலாம். ஒன்றை மறக்கக்கூடாது: சிறியதாவது தோலில் உள்ள துளைதான், உள்ளே நடப்பது பெரிய சத்திரசிகிச்சை.

ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி அகற்றப்படுகிறது; மிஞ்சுவது ஒரு வாழைப்பழத்தின் வடிவில் உள்ள ஒடுங்கிய குழாய். அகற்றப்படும் பகுதியில்தான் கிரெலின் பெருமளவு சுரக்கிறது என்பதால் கொள்ளளவுடன் பசியும் குறைகிறது. குடலில் கைவைப்பதில்லை. அகற்றியதைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸில், இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்று பிரிக்கப்படுகிறது. சிறுகுடலை ஒரு இடத்தில் வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அந்தப் பையுடன் இணைக்கிறார்கள். உணவு பெரிய இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் நேரே கீழே போகிறது. பித்தமும் கணைய நீரும் வேறு வழியில் வந்து, உணவு குடலில் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் கடந்த பிறகே அதனுடன் கலக்கின்றன. இந்த மாற்றுப்பாதையால் குடல் ஹோர்மோன்கள் மாறுகின்றன; குறிப்பாக, பசியை அடக்கி இன்சுலின் சுரக்க உதவும் ஜி.எல்.பி.-1 உணவுக்குப் பின் நன்றாக உயர்கிறது. இரண்டு இணைப்புகளுக்குப் பதிலாக ஒன்றே உள்ள "மினி பைபாஸ்" என்ற வகையும் உண்டு.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. நெஞ்செரிவு கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும், ஆகவே பைபாஸ் பொருத்தம். நீண்டநாள் நீரிழிவு உள்ளவருக்கும் பைபாஸ் சற்று முன்னிற்கிறது. குருதிச்சோகை உள்ளவர், வாழ்நாள் முழுவதும் பல மருந்துகள் குடலில் நன்றாக உறிஞ்சப்பட வேண்டியவர், மூட்டுவாதத்துக்கு வலிநிவாரணிகளை விடமுடியாதவர் ஆகியோருக்கு ஸ்லீவ் பாதுகாப்பானது. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து: குருதிப் பரிசோதனைக்கும் விற்றமின் குளிசைகளுக்கும் ஒழுங்காக வரமுடியாத தூரத்திலோ தொழிலிலோ இருப்பவருக்கு, சத்துக்குறைபாடு கூடுதலாக ஏற்படும் பைபாஸ் ஒரு சுமையாக மாறலாம். மூதூரின் உட்கிராமத்திலிருந்து வருபவர் இதை நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டி போடும் பழைய முறை, பட்டி நழுவுவதாலும் பலன் குறைவாலும் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

சீனி வருத்தம் மாறிவிடுமா?

பலருக்கு நன்றாகக் கட்டுப்படும், சிலருக்கு மருந்தே தேவைப்படாத நிலை வரும், எல்லோருக்கும் அல்ல. பைபாஸ் செய்த சிலருக்கு நிறை இறங்கத் தொடங்குமுன்பே, சில நாட்களுக்குள், குருதியில் சீனி குறைகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வெளியானது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு 6 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு என்ற கடினமான இலக்கை, மருந்து மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதத்தினரும், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதத்தினரும், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதத்தினரும் அடைந்தார்கள். வேறுபாடு பெரியது, அதேவேளை பெரும்பான்மையினர் அந்த இலக்கை அடையவில்லை என்பதும் அந்த எண்களிலேயே இருக்கிறது. நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆனவர், இன்னும் இன்சுலினுக்குப் போகாதவர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இருபது ஆண்டுகள் இன்சுலின் போட்டவரின் கணையம் ஏற்கனவே களைத்துவிட்டிருக்கும்.

மருந்தைக் குறைப்பது உங்கள் வேலையன்று, வைத்தியரின் வேலை. ஆனால் வீடு திரும்பிய முதல் வாரங்களில் பழைய அளவில் இன்சுலினையோ கிளிக்லசைட் போன்ற குளிசைகளையோ தொடர்ந்தால் சீனி அபாயகரமாக இறங்கிவிடும். புதிய மருந்து அட்டை கையில் இல்லாமல் வைத்தியசாலையை விட்டு வரவேண்டாம்.

எவ்வளவு நிறை குறையும்?

ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில், ஸ்லீவில் மொத்த நிறையின் கால்வாசியளவும் பைபாஸில் ஏறத்தாழ 30 சதவீதமும் குறைவது வழமை. மேலே சொன்ன 120 கிலோ பெண்மணி, ஸ்லீவுக்குப் பின் ஏறத்தாழ 90 கிலோவிலும், பைபாஸுக்குப் பின் ஏறத்தாழ 84 கிலோவிலும் வந்து நிற்பார். அப்போதும் அவருடைய சுட்டி 30க்கு மேல்தான். கலியாணப் படத்தில் இருந்த உருவம் திரும்ப வரும் என்று நினைத்துப் போகிறவர் ஏமாற்றமடைவார். முழங்கால் வலியின்றிக் கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் நடந்து ஏறவேண்டும், இரவில் மூச்சுத் திணறாமல் தூங்க வேண்டும், இன்சுலின் குறைய வேண்டும் என்று நினைத்துப் போகிறவர் பெரும்பாலும் நிறைவடைவார். சுவீடனில் 1987இல் தொடங்கி, சத்திரசிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2000 பேரையும் பெறாத அதேயளவு பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன என்பது 2007இல் அறிவிக்கப்பட்டது. ஆயுளைப் பற்றிய இந்தச் செய்திதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் முக்கியமானது.

உயிராபத்து உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. அனுபவமுள்ள நிலையங்களில் முதல் 30 நாட்களில் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் என்ற அளவில் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியவை மூன்று: வெட்டிய கோட்டில் கசிவு, குருதிப்பெருக்கு, காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குப் போதல். மூன்றாவதைத் தடுக்கவே குருதி உறையாமல் வைக்கும் ஊசி போடுகிறார்கள், அன்றே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். அந்த ஊசிகளில் பொதுவானவை பன்றியிலிருந்து பெறப்படுபவை என்பதால், அதுபற்றி மார்க்க ரீதியான கேள்வி உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டால் மாற்று மருந்து பற்றி வைத்தியர் பேசமுடியும். கடைசி நேரத்தில் மறுப்பதுதான் ஆபத்து.

நீண்டகாலத்தில் வரக்கூடியவை: பித்தக்கல், சத்துக்குறைபாடு, ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிவு, பைபாஸுக்குப் பின் இணைப்பில் புண், குடல் உள்ளே சிக்கிக்கொள்ளுதல். புகைப்பவருக்கு அந்தப் புண் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

நிறை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, அது போதாதா?

செமாகுளுட்டைட், டேர்செப்பட்டைட் என்ற ஊசிமருந்துகள் உண்மையில் பயன் தருபவை. பெரிய ஆய்வுகளில் முதலாவது ஏறத்தாழ 15 சதவீதமும், இரண்டாவது 20 சதவீதம் வரையும் நிறையைக் குறைத்தன. நிறுத்தினால் குறைந்த நிறையின் பெரும்பகுதி திரும்ப ஏறுகிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் வாங்கக்கூடியவருக்கே அது நிலையான வழி. சத்திரசிகிச்சைக்கு முன் நிறையைக் கொஞ்சம் இறக்கவும், பின்னாளில் ஏறினால் கட்டுப்படுத்தவும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஊசியை இணையத்தில் வாங்கிப் போடுவதை ஒருபோதும் செய்யக்கூடாது.

முன்னாயத்தம் என்ன?

குருதிப் பரிசோதனைகள், இருதயப் பரிசோதனை, வாய்வழியாகக் கமராக் குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், குறட்டை கடுமையாக உள்ளவருக்குத் தூக்கப் பரிசோதனை. உணவியலாளரையும் பல இடங்களில் உளநல வைத்தியரையும் சந்தித்தல். புகைத்தலை ஆறு வாரங்களுக்கு முன்பாவது விட வேண்டும், பிறகும் தொடவே கூடாது. கடைசி இரண்டு வாரங்கள் மாப்பொருளும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவு. இந்த இரண்டு வாரங்களை வெறும் சடங்காக எண்ணிவிடக்கூடாது. கொழுப்பேறிய ஈரல் இரைப்பையின் மேலே படர்ந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் கமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் கிடைக்கும். போகுமுன் வீட்டில் வைத்துக் கொடுக்கும் விருந்தை அன்போடு மறுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு எதைச் சாப்பிடுவது?

முதல் இரண்டு வாரங்கள் திரவம் மட்டும். 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறிய மருந்துக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிவைத்து, மிடறு மிடறாக, ஒரு கிண்ணத்தைக் கால் மணித்தியாலம் எடுத்துக் குடிக்க வேண்டும். அவசரமாக ஒரு வாய் விழுங்கினால் நெஞ்சுக்குழியில் இறுக்கமாக ஒரு வலி வரும், வாயில் உமிழ்நீர் நிறையும், பிறகு வாந்தி. ஒருமுறை அனுபவித்தவர் மறுமுறை அவசரப்படமாட்டார். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் இலக்கு. வைகாசி முதல் புரட்டாதி வரை திருகோணமலையில் அடிக்கும் வெயிலில் உடல் வேகமாக வற்றிவிடும் என்பதால், அந்த மாதங்களில் சிகிச்சை பெறுகிறவர் கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதிலும் சீனி உண்டு. தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பதற்கில்லை. சோடா, மென்பானம் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு: கட்டியில்லாமல் கடைந்த பருப்பு, முள்நீக்கி நன்றாக மசித்த மீன், தயிர், அவித்த முட்டையை மசித்தது. ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான உணவு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் சாதாரண உணவு. ஆனால் "சாதாரணம்" என்றால் முன்பிருந்த அளவு அன்று. ஒரு சிறு தேநீர்ப் பீரிசில் அடங்குவதே ஒரு வேளை.

எங்கள் சாப்பாட்டு மேசையைப் பொறுத்தவரை சிக்கல் புட்டிலும் பாணிலும் சோற்றிலும்தான் இருக்கிறது. உலர்ந்த புட்டும் புதிய பாணும் ஒடுங்கிய இரைப்பையில் பந்தாகத் திரண்டு நிற்கும். இடியப்பம் சொதியில் ஊறினால் இலகுவாக இறங்கும் என்றாலும் அதில் புரதம் மிகக் குறைவு. தட்டில் முதலில் சாப்பிட வேண்டியது மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை, பயறு, இரண்டாவது மரக்கறி, இடம் மிஞ்சினால் மாத்திரம் சோறோ இடியப்பமோ. சோற்றைக் குவித்து அதற்குக் கறியைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே தலைகீழாக வேண்டும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. கடற்கரையோரத்தில் வாழும் எங்களுக்கு அதற்குக் குறைவில்லை: கும்பளா, பாரை, சூரை எதுவானாலும் பொரிக்காமல் அவித்தோ சொதியாகவோ. மரக்கறி உண்பவர்கள் பருப்பு, சோயா, பால், தயிர் ஆகியவற்றைத் திட்டமிட்டுச் சேர்க்காவிட்டால் புரதம் நிச்சயமாகக் குறையும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் இடைவெளி. ஒவ்வொரு கவளமும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர் வட்டிலப்பம், தொதல், சீனி போட்ட தேநீர் ஆகியவற்றை வழமைபோல் உண்டால், அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, வயிற்றோட்டம் போகும். உணவு குடலுக்குள் மிக வேகமாகக் கொட்டுவதே காரணம். மாலையில் கொத்துரொட்டி, சிற்றுண்டி என்று கொறித்துக்கொண்டிருப்பது இப்படித் தண்டிக்காது, ஆனால் இரண்டு ஆண்டுகளில் நிறையைத் திரும்பக் கொண்டுவரும்.

விற்றமின் குளிசை எத்தனை காலத்துக்கு?

வாழ்நாள் முழுவதும். பல்விற்றமின், இரும்புச்சத்து, பி12, கல்சியம், விற்றமின் டி. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக்கூடாது. குறைந்தது இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். ஒன்றுமே செய்யவில்லையே என்று நிறுத்திவிடுகிறார்கள். பி12 குறைபாடு ஆண்டுகள் கழித்துக் கால் விறைப்பாகவும் மறதியாகவும் வெளிப்படும்போது முழுமையாக மீட்க முடியாமற் போகலாம். முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் குருதிப் பரிசோதனை தேவை. இவற்றின் விலையையும் முதற்கணக்கிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விரதமும் நோன்பும் பிடிக்கலாமா?

முதலாண்டில் தவிர்ப்பதே நல்லது. கந்தசஷ்டி ஆறு நாள் உபவாசமோ றமழான் நோன்போ, சாப்பிடக்கூடிய நேரத்தைச் சுருக்குவதால் தண்ணீரும் புரதமும் தேவையான அளவு உள்ளே போகாது. சிறிய இரைப்பை அதை ஒரே மூச்சில் ஈடுசெய்யவும் விடாது. பிறகு, நிறை நிலைபெற்று, இன்சுலின் போன்ற மருந்துகள் இல்லாதிருந்தால், வைத்தியருடன் பேசி முடிவெடுக்கலாம். நோயுள்ளவருக்கு இரு சமயங்களிலும் விலக்கு உண்டு என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் நினைவூட்டினால் நோயாளியின் மனப்பாரம் குறையும்.

பிள்ளைப்பேறு?

12 முதல் 18 மாதங்கள் தள்ளிவைக்க வேண்டும். நிறை குறையும்போது குழப்பமாயிருந்த மாதவிடாய் சீராகி, எதிர்பாராத வேளையில் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பைபாஸுக்குப் பின் வாயால் எடுக்கும் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமற் போகலாம் என்பதால் வேறு முறையைக் குடும்பநல மாதுவுடனோ வைத்தியருடனோ பேசித் தெரிவுசெய்யுங்கள். அந்தக் காலம் கடந்த பின் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறார்கள். கர்ப்பகால நீரிழிவும் குறைகிறது.

முடி கொட்டுமா? தோல் தொங்குமா?

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை முடி உதிர்வது பொதுவானது. புரதமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் திரும்ப வளரும். தோல் தொங்கும். உடற்பயிற்சி தசையைக் காக்கும், தோலைச் சுருக்காது.

சாதாரண வலிக்கு என்ன மருந்து?

பனடோல். டைக்குளோபெனக், இபுபுறூபன், மெபெனமிக் அசிட் போன்றவற்றைக் குறிப்பாகப் பைபாஸ் செய்தவர் தவிர்க்க வேண்டும். இணைப்பில் புண் உண்டாகி ஓட்டை விழலாம். மருந்துக்கடையில் "கால் நோவுக்கு ஒரு குளிசை" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கொழும்பில் செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிய பின் ஏதாவது நடந்தால்?

இந்த ஊருக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். கசிவு பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் வெளிப்படும். ஆகவே முதல் மீள்பரிசோதனை முடியும்வரை கொழும்பிலோ அருகிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்குவதே புத்தி. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் நீண்ட பயணத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும்.

உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டிய அறிகுறிகள்: ஓய்விலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல் நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி அல்லது இடத் தோள்வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுத்த மலம். பருத்த உடலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கசிவு தெரியாமல் இருக்கலாம். வேகமான நாடித்துடிப்பு மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கலாம். வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் குடித்துவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. உள்ளூர் வைத்தியசாலையைத் தாண்டி நேரே கொழும்புக்கு வாகனம் பிடிப்பதும் தவறு. முதலில் இங்கே நிலையைச் சீராக்கி, பின்னர் அம்புலன்ஸில் மாற்றுவதே முறை.

பயணப் பையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். என்ன சத்திரசிகிச்சை, எந்தத் தேதியில், நிபுணரை அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகியவற்றோடு மூன்று விடயங்களை அதில் எழுதித்தரும்படி கேளுங்கள். ஒன்று, மூக்கினூடான குழாயை நிபுணரைக் கேட்காமல் இரைப்பைக்குள் செலுத்தக்கூடாது. இரண்டு, தொடர்வாந்தியோடு வருபவருக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் தயமின் (விற்றமின் பி1) ஊசி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். மூன்று, பைபாஸ் செய்தவருக்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் விட்டுவிட்டு வரும் முறுக்குவலி, குடல் உள்ளே சிக்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். இரவுக் கடமையில் இருக்கும் இளம் வைத்தியருக்கு இந்த ஒரு தாள் செய்யும் உதவி பெரிது.

நிறை திரும்ப ஏறுமா?

இரண்டாம் ஆண்டுக்குப் பின் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பது. கூடுதலாக ஏறினால் வெட்கப்பட்டுக் கிளினிக்கை விட்டு ஒதுங்காமல் அப்போதுதான் போகவேண்டும். உணவு மாற்றம், ஊசிமருந்து, தேவையானால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுதல் என்று வழிகள் உள்ளன. மது, பைபாஸுக்குப் பின் முன்பைவிட வேகமாகத் தலைக்கேறும். புதிதாக மதுவுக்கு அடிமையாகிறவர்களும் உண்டு. உணவில் கிடைத்துவந்த ஆறுதல் இல்லாமற்போய் மனம் சோர்ந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்கிலிருந்து. நகரத்தவருக்குத் திருகோணமலை பொது வைத்தியசாலை. கிளினிக் புத்தகம், அண்மைய குருதிப் பரிசோதனை முடிவுகள், எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றோடும், இதுவரை நிறையைக் குறைக்க என்னென்ன முயன்றீர்கள் என்ற சிறு குறிப்போடும் போய், உடற்பருமன் சத்திரசிகிச்சை செய்யும் பிரிவுக்கு அனுப்புகைக் கடிதம் கேளுங்கள். கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இது செய்யப்படுகிறது. அரச பிரிவில் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் போகிறவர், விலைகூடிய ஸ்டேப்ளர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்க நேர்ந்தால் ஆகும் செலவு, மீள்பரிசோதனைகள் எல்லாம் அடங்கிய கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிபுணரைச் சந்திக்கும்போது, இதுவரை எத்தனை பேருக்கு இதே முறையைச் செய்திருக்கிறீர்கள், சிக்கல் வந்தால் இரவில் யார் பதிலளிப்பார்கள், திருகோணமலையில் என்னைப் பார்க்கும் வைத்தியருடன் நீங்கள் நேரடியாகப் பேசுவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று சொல்பவரிடம் உங்கள் கிளினிக் வைத்தியரின் பெயரையும் இலக்கத்தையும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.